பீச் ரோட்டுக்கு முகம் கொடுத்த வெள்ளைக்காரர்!
24 வயதில் ரூ.3 ஆயிரம் பரிசு வென்ற என்ஜினீயரின் கதை

எலவனாசூர்கோட்டையில் இருந்து நில விவகாரமாக மனுவைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு வருகிற விவசாயி, சேப்பாக்கத்தில் பஸ்சை விட்டு இறங்கியதும் முதலில் எதைப் பார்க்கிறார்?

செங்கல் நிறத்தில் கோபுரமும் வளைவுமாக நிற்கிற பழைய கட்டிடங்களைத்தான்! யார் கட்டியது என்று டீக்கடையில் கேட்டால், ஆற்காடு நவாபு என்று பதில் வரும். அது பாதிதான் சரி.

மீதிப் பாதிக்குச் சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர். பெயர் ராபர்ட் பெல்லோஸ் சிஷோம். லண்டனில் 1840-ல் பிறந்தவர். ஆள் மறைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் தினமும் பீச் ரோட்டில் போகிறவர்கள் அவர் கைவேலையைப் பார்க்காமல் போக முடியாது.

போட்டியில் ஜெயித்தார்

1864-ம் ஆண்டு. மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் மண்டபத்துக்கும் கட்டிடம் வேண்டும் என்று சென்னை சர்க்கார் ஒரு போட்டி வைத்தது. நல்ல வரைபடத்துக்கு ரூ.3 ஆயிரம் பரிசு. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

வங்காளத்தில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து வந்த சிஷோமும் படம் வரைந்து அனுப்பினார். பரிசு அவருக்கே கிடைத்தது! அப்போது அவருக்கு வயது 24. மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தவர், சர்க்காரின் ஆலோசனைக் கட்டிடக் கலைஞர் பதவிக்கு உயர்ந்தார்.

மாநிலக் கல்லூரியை இத்தாலி நாட்டுப் பாணியில் எழுப்பினார். 1870 மார்ச்சில் விக்டோரியா ராணியின் மகன் எடின்பரோ கோமகன் வந்து திறந்து வைத்தார். உச்சியில் இருக்கும் நான்கு முகக் கடிகாரம் மட்டும் அவர் வைத்ததல்ல. அது 1940-ல் வந்தது.

ஏலத்துக்கு வந்த அரண்மனை

கடைசி நவாபு 1855-ல் வாரிசு இல்லாமல் இறந்தார். கடனுக்காக சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது. சர்க்காரே ஏலம் எடுத்து, ஆபீசுகளைக் குடி வைத்தது.

இடம் போதவில்லை. கூடுதல் கட்டிடம் கட்டும் வேலை சிஷோமிடம் வந்தது. இங்கேதான் அவர் மனசு மாறியது. நவாபு மாளிகைக்குப் பக்கத்தில் இத்தாலிக் கட்டிடத்தை வைத்தால் ஒட்டாது என்று கண்டார். மாளிகையின் பாணியையே பிடித்துக்கொண்டார். கலச மகாலுக்கும் உமாயூன் மகாலுக்கும் இடையே ஒரு கோபுரத்தை எழுப்பி, இரண்டையும் ஒன்றாக்கினார். ரெவின்யூ போர்டு ஆபீசுக்கும் இடம் கட்டிக் கொடுத்தார்.

எலவனாசூர்கோட்டை அன்று தென்னாற்காடு ஜில்லா. அந்த ஊர் நில வரிக் கணக்கும், வரி தள்ளுபடி கேட்கிற மனுவும் தாலுகா, கலெக்டர் என்று படியேறி, கடைசியில் வந்து சேர்ந்த இடம் இந்த ரெவின்யூ போர்டுதான். 1980-ல்தான் போர்டைக் கலைத்தார்கள்.

மண்டபமும் கஞ்சித் தொட்டியும்

1874-ல் செனட் மண்டப வேலை தொடங்கியது. நம்மூர் வேலைப்பாடு, முஸ்லிம் மாளிகை வளைவு, மேல்நாட்டு பைசாந்தியப் பாணி மூன்றையும் கலந்து கொடுத்தார் சிஷோம். மூலைக்கு ஒரு கோபுரம். ஜன்னலில் வண்ணக் கண்ணாடி.

சுவர் எழும்பும்போதே தாது வருஷப் பஞ்சம் வந்துவிட்டது. 1876-ல் இருந்து 1878 வரை சென்னை ராஜதானி முழுவதும் பட்டினிச் சாவு. கிராமத்து ஜனங்கள் கும்பல் கும்பலாகப் பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். ஒரு பக்கம் மண்டபம். மறு பக்கம் கஞ்சித் தொட்டி! பஞ்ச நிவாரண வேலையாகத்தான் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியையும் அப்போது வெட்டினார்கள். 1879-ல் மண்டபம் முடிந்தது. அதன் அழகைப் பேசுகிறவர்கள் அந்தப் பஞ்சத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்தபோது சட்டசபை கூடியதும் இதே மண்டபத்தில்தான்.

கொத்தனாரை மதித்தவர்

வெள்ளைக்கார அதிகாரிகளில் பலர் சீமைப் படத்தை அப்படியே இங்கே இறக்கினார்கள். சிஷோம் அப்படி இல்லை. உள்ளூர்க் கொத்தனாருக்கும் தச்சருக்கும் தெரிந்த வேலையை விட்டுவிட்டு, தெரியாத வேலையைத் தலையில் கட்டக்கூடாது என்பது அவர் கட்சி. கவர்னர் நேப்பியருக்கும் அதே எண்ணம். இருவருக்கும் ஒத்துப்போனது. மதுரையில் இடிந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்த்தார் சிஷோம். திருவனந்தபுரத்தில் மலையாளத்துக் கூரை வைத்து மியூசியம் கட்டினார். 1880-ல் முடிந்த அதற்கு நேப்பியர் பெயரே நிலைத்தது.

பெரியமேட்டில் இருக்கிற ஓவியப் பள்ளிக்கு 1877-ல் அவரே தலைவரானார்.

ஊரெங்கும் அவர் கை

பீச் ரோட்டோடு நிற்கவில்லை. மவுண்ட் ரோடு பி.ஆர். அண்ட் சன்ஸ் கடிகாரக் கடை (1879), பாரிமுனைப் பக்கம் பெரிய தபால் ஆபீஸ் (1884), சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டிய விக்டோரியா ஹால் எல்லாம் அவர் படம்தான். ஹாலைக் கட்டியவர் பிரபல காண்டிராக்டர் நம்பெருமாள் செட்டியார். பம்மல் சம்பந்த முதலியாரின் சபா நாடகம் போட்ட இடம் அது. விவேகானந்தர் 1897-ல் பேசிய இடமும் அதுவே.

பக்கத்து ரிப்பன் மாளிகையையும் அவர் கணக்கில் எழுதுவார்கள். அது தப்பு. அது 1913-ல் வந்தது. ஐகோர்ட்டும் அவருடையது அல்ல.

பரோடா, பம்பாய்

பரோடாவில் மகாராஜா சாயாஜிராவுக்கு மேஜர் மாண்ட் என்ற என்ஜினீயர் பெரிய அரண்மனை கட்டி வந்தார். கணக்கில் பிசகு, கட்டிடம் இடிந்து விழும் என்ற பயத்திலேயே அவர் புத்தி பேதலித்துப் போனதாக ஒரு கதை உண்டு. 1881-ல் அவர் இறந்தார். பாதியில் நின்ற வேலையை எடுத்து, 1890-ல் முடித்துக் கொடுத்தவர் சிஷோம். லட்சுமி விலாஸ் அரண்மனை இன்றும் ஆடாமல் நிற்கிறது.

எல்லா இடத்திலும் ஜெயம்தான் என்றும் சொல்ல முடியாது. பம்பாய் மாநகராட்சிக் கட்டிடத்துக்கு இந்தியப் பாணியில் படம் கொடுத்தார். வேலை ஸ்டீவன்ஸ் என்பவருக்குப் போய்விட்டது.

கடைசி நாட்களில் சீமைக்குத் திரும்பி, லண்டனில் ஒரு சர்ச் கட்டினார். இப்போது அது சங்கீத மண்டபம். 1915 மே 28-ந் தேதி இங்கிலாந்தில் சவுத்சீ என்ற கடற்கரை ஊரில் காலமானார். வயது 75.

பொங்கல் விடுமுறையில் தீ

2012 ஜனவரி. பொங்கல் விடுமுறை. சேப்பாக்கம் கலச மகாலில் தீப் பிடித்தது. சர்க்கார் ஆபீஸ் பைல்கள் எரிந்தன. கூரை சரிந்தது. அணைக்கப் போன தீயணைப்புப் படைவீரர் ஒருவர் உயிரிழந்தார்.

பிறகு பணம் செலவழித்து, சுண்ணாம்புக் காரை பூசி, பழைய முறையிலேயே எடுத்துக் கட்டினார்கள். கட்டிடம் திரும்பி வந்தது. செத்தவர் திரும்பவில்லை.

அலுவலகம் என்ற பெயரில் பழைய கட்டிடத்துக்குள் பைலையும் ஒயரையும் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ராத்திரி ஒன்றே சாட்சி. சுவரைக் கட்டியவர் தன் வேலையை 1870-களிலேயே முடித்துவிட்டார். பார்த்துக்கொள்கிற வேலைதான் பாக்கி!