நாளாகிரி முன் நின்ற பகவர்

உலும்பினி வனத்திற் பிறந்து, 29-ஆம் அகவையில் மனை துறந்து, 35-ஆம் அகவையில் போதி மரத்தடியில் மெய்யுணர்ந்த பகவர் புத்தர், அதன்பின் 45 ஆண்டுகள் கால்நடையாகவே ஊர்தோறும் தம்மம் உரைத்து, 80-ஆம் அகவையில் குசிநகரத்தில் பரிநிப்பாணம் எய்தினார் என்பதை நம் சங்கத்துச் சிறுவரும் அறிவர். அந்நெடிய நடையில் அவர் மாந்தரோடு மட்டும் பழகினாரல்லர். கோசம்பியில் பிக்குகள் தமக்குள் பூசலிட்டு அவர் சொல்லையும் கேளாதபோது, பகவர் தனியே பாரிலேயக வனம் புகுந்தார். தன் கூட்டத்தை வெறுத்துவந்த ஒற்றைக் களிறொன்று அங்கே துதிக்கையால் நீர் கொணர்ந்தும், புல்லை அகற்றியும் அவருக்குப் பணிசெய்தது என வினயம் கூறும். கற்ற பிக்குகளினும் காட்டு யானை மேலாயிற்று!

குதிரை பழக்குவதிற் பெயர்பெற்ற கேசி என்பவர் ஒருமுறை பகவரைக் காணவந்தார். பகவர் அவருடைய தொழில்முறையை வினவினார். மென்மையாலும், கடுமையாலும், இரண்டும் கலந்தும் பழக்குவதாகவும், எதற்கும் வசப்படாத குதிரையைத் தம் குருமரபுக்கு இழுக்கு வாராதபடி கொன்றுவிடுவதாகவும் கேசி உரைத்தார். விலங்கு பழக்குதல் அக்காலத்தில் அவ்வாறிருந்தது.

இனி நாளாகிரியின் வரலாற்றுக்கு வருவோம். இன்று பீகாரில் இராச்கீர் எனப்படும் இராசகிருக நகரில், சங்கத்தின் தலைமையை வேட்டுப் பெறாத தேவதத்தன், ஆள் ஏவியும் பாறை உருட்டியும் பகவரைக் கொல்ல முயன்று தோற்றான். பிறகு அரசனது யானைக் கொட்டாரம் சென்றான். அங்கே நாளாகிரி என்னும் ஆட்கொல்லி யானை இருந்தது. தான் அரசனுக்கு வேண்டியவன் என்றும், தாழ்ந்த நிலையிலுள்ளவனை உயர்த்தவும், படியும் கூலியும் ஏற்றித் தரவும் வல்லவன் என்றும் பாகர்களிடம் சொல்லி, பகவர் வரும் தெருவில் அதனை அவிழ்த்துவிடப் பணித்தான். பாகர்களும் இசைந்தனர். இத்தகைய பேச்சு ஆலை வாயிலில் நின்று வேலைசெய்த எம்போன்றோர்க்குப் புதிதன்று.

காலையில் பகவர் பிக்குகள் சூழப் பிச்சைக்கு வந்தார். யானை துதிக்கையை உயர்த்தி, செவியும் வாலும் விறைக்கப் பாய்ந்தோடி வந்தது. மக்கள் மாடங்களிலும் கூரைகளிலும் ஏறிக்கொண்டனர். திரும்பிவிடுமாறு பிக்குகள் மும்முறை வேண்டினர். பகவர் ஓடவில்லை, கை ஓங்கவில்லை, அவ்விலங்கின்பால் மைத்திரியைப் பரப்பி நின்றார். யானை துதிக்கையைத் தாழ்த்தி அருகே வந்து நின்றது. அவர் வலக்கையால் அதன் மத்தகத்தைத் தடவி, கொலைத்தொழிலை விடுமாறு மெல்ல உரைத்தார்.

யானைக்கு 16 குடம் கள் ஊட்டப்பட்டதென்றும், ஆனந்தர் முன்சென்று மறித்து நின்றாரென்றும் பிற்காலச் சாதகக் கதை கூறும். வினயத்திற் கள் இல்லை. அங்குசத்தையே கண்டு வளர்ந்த உயிருக்கு வெறியேறக் கள்ளும் வேண்டுமோ? இதனை மந்திரம் என்பாரும் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எதிர் நிற்பவனின் நடுக்கத்தையும் பகையையும் விலங்கு அறியும். பகவரிடம் இரண்டும் இல்லை. அந்நிலை தெருவில் யானையைக் கண்டபோது தோன்றியதுமன்று. பல்லாண்டு பயின்று பெற்றது.

நாளாகிரி பகவரின் அடித்தூளை எடுத்துத் தன் தலைமேல் இறைத்துக்கொண்டு, அவரை நோக்கியவாறே பின்னடைந்து, கொட்டாரம் சேர்ந்து தன் இடத்தில் நின்றது. அன்றுமுதல் தேவதத்தனின் சிறப்பும் வருவாயும் தேய்ந்தன. பாகர்களுக்குக் கூலி ஏறியதாகப் பிடகத்தில் ஒரு சொல்லும் இல்லை.