பணம் கட்டியவர்கள் தோற்றார்கள், மேசை போட்டவர் வீடு வாங்கினார்: யார் இந்த தோன்யா தூலெஸ்?

தென்னந்தோப்பில் பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது; சீட்டுக்கட்டும் ரொக்கமும் பறிமுதல். கறம்பக்குடி, ஆலங்குடி பக்கமிருந்து மாவட்டச் செய்தியில் அவ்வப்போது எட்டிப்பார்க்கும் வகைச் செய்தி இது. ஊர் மாறும், தொகை மாறும். ஒன்று மட்டும் பெரும்பாலும் மாறாது. கைதானவர்கள் அத்தனை பேரும் ஆண்களாகத்தான் இருப்பார்கள்.

நம்ம பழைய கதைகளிலும் அப்படித்தான். பாஞ்சாலி பகடை உருட்டவில்லை, அவளை வைத்து உருட்டினார்கள். நளன் தோற்றான், தமயந்தி காட்டுக்கு நடந்தாள். சூது மேசைப் பக்கம் பெண் வந்தாலே, ஒன்று பணயம், இல்லையென்றால் பாதிக்கப்பட்டவர்.

கிட்டத்தட்ட 190 வருடங்களுக்கு முன்னால், இன்றைய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கும் சாண்டா ஃபே நகரில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சீட்டைப் பிரித்துப் போட்டவர் ஒரு பெண். அதிலேயே வீடு வாசல் வாங்கினார். சாகும்போது ஊரின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். பெயர் மரியா கெர்ட்ரூடிஸ் பார்சிலோ. ஊர் வைத்த செல்லப் பெயர் தூலெஸ். மரியாதைக்கு முன்னால் ஒரு தோன்யா. நம்ம ஊரில் பேருக்குப் பின்னால் அம்மா சேர்ப்பது மாதிரி.

அமெரிக்க எல்லைப்புறத்தில் சூதாடிப் பிழைத்த பெண்கள் என்றதும் இணையத்தில் வந்து விழும் பெயர் போக்கர் ஆலிஸ். வாயில் சுருட்டு, கையில் துப்பாக்கி என்று சினிமாவுக்கே செய்த மாதிரி இருக்கும். தூலெஸ் கதையில் அவ்வளவு துப்பாக்கி இல்லை. கணக்கும் சட்டமும்தான் அதிகம். அதனாலேயே இன்னும் சுவாரஸ்யம்.

எங்கிருந்து வந்தார்?

1800 வாக்கில் சொனோரா பகுதியில் பிறந்தவர். அது அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. 1821-ல் மெக்சிகோ விடுதலை அடைந்தது. அந்தச் சமயத்தை ஒட்டி அவருடைய குடும்பம் வடக்கே நியூ மெக்சிகோவுக்கு வந்து, வலென்சியா என்ற சிற்றூரில் குடியேறியது. 1823-ல் அவருக்கும் மனுவேல் அந்தோனியோ சிஸ்னேரோஸ் என்பவருக்கும் திருமணம். மாப்பிள்ளை வீடு ஊரில் மரியாதையான குடும்பம். மாப்பிள்ளைக்கு வயது பெண்ணைவிடக் குறைவு. இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்து, இரண்டும் கைக்குழந்தையாகவே இறந்துபோயின. பிறகு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் அவர் பார்சிலோதான். சிஸ்னேரோஸ் ஆகவில்லை. இது புரட்சி எல்லாம் இல்லை, அந்த ஊர் வழக்கமே அதுதான். ஸ்பானிய சட்ட மரபில் மனைவி கொண்டுவந்த சொத்து மனைவிக்கே. தன் பெயரில் வழக்கு போடலாம், உயில் எழுதலாம், வாங்கலாம், விற்கலாம்.

அதே காலத்தில் கிழக்கே அமெரிக்க மாநிலங்களில் நிலைமை வேறு. இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றிய இடங்களில், தாலி ஏறிய மறுநாளே (அவர்கள் கணக்கில் மோதிரம்) பெண்ணின் கையில் இருக்கும் காசு கணவன் காசு. மிசிசிப்பி மாநிலம் 1839-லும் நியூயார்க் 1848-லும்தான் இதை மாற்றச் சட்டம் போட்டன. இங்கிலாந்தே 1870-ல்தான் முதல் அடி எடுத்து வைத்தது. இந்தியாவில் 1874-ல் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம் வந்தபோது, அதுவும் இந்து, முஸ்லிம் பெண்களைச் சேர்க்காமல்தான் வந்தது.

ஆக, தூலெஸ் சம்பாதித்த ஒவ்வொரு காசும் சட்டப்படி தூலெஸுக்கே. சாமர்த்தியம் இருந்தது உண்மைதான். ஆனால் அதே சாமர்த்தியத்தோடு ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே பிறந்திருந்தால், மேசையில் ஜெயித்ததை வீட்டுக்குப் போய்க் கணவன் கையில் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

மங்காத்தா தெரிந்தால் மோன்டே புரியும்

தூலெஸ் நடத்தியது மோன்டே என்ற சீட்டாட்டம். ஸ்பானியச் சீட்டுக்கட்டில் 40 சீட்டு. நடத்துபவர் சீட்டுகளை எடுத்து மேசையில் திறந்து வைப்பார். எந்தச் சீட்டுக்கு ஜோடி வரும் என்று ஆட்கள் பணம் கட்டுவார்கள். பிறகு கட்டிலிருந்து சீட்டை எடுத்துப் பார்ப்பார்கள். விதிகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் உள்ளே வெளியே என்று கத்தும் நம்ம மங்காத்தாவுக்கு இது ஒன்றுவிட்ட அக்கா என்று தாராளமாகச் சொல்லலாம். 2011-ல் அஜித் படத்தால் மட்டும் அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள், தாத்தாவிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த வகை ஆட்டங்களின் சூட்சுமம் ஒன்றே ஒன்று. பணம் கட்டுபவருக்கு அதிர்ஷ்டம் தேவை. மேசை போட்டவருக்குத் தேவையில்லை. விதியில் எங்கேயோ ஒரு சின்னச் சாய்வு நடத்துபவர் பக்கம் இருக்கும். உதாரணத்துக்கு, 100 ரூபாய் கட்டினால் சராசரியாக 2 ரூபாய் மேசையிலேயே தங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆளுக்கு அது தெரியவே தெரியாது. இன்றைக்கு 500 ஜெயிப்பார், நாளைக்கு 700 விடுவார். ஆனால் ராத்திரி முழுக்க 50 பேர் திரும்பத் திரும்பக் கட்டினால், அந்த இரண்டு ரூபாய்கள் சேர்ந்து வீடாகும். ஏமாற்று வேலை எதுவும் வேண்டாம். பொறுமையும், பெரிய ஆட்டம் ஒன்று எதிராகப் போனால் தாங்கும் அளவுக்குக் கையிருப்பும் போதும்.

இதனால்தான் எல்லைப்புறத்தில் சூதாடிப் பிழைத்தவர் என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பணம் கட்டி ஆடி வாழ்நாள் முழுக்கப் பிழைத்தவர் அபூர்வம். பிழைத்தவர்கள் பெரும்பாலும் நடத்தியவர்கள். ஆன்லைன் ரம்மியிலும் இந்தக் கணக்குதான், என்ன, சாய்வுக்குப் பதில் ஒவ்வொரு ஆட்டத்திலும் கமிஷன். தமிழ்நாட்டுத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் வந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என அதே வருடம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே மொத்தமாகத் தடை செய்தது. திறமையா அதிர்ஷ்டமா என்ற இந்த நீண்ட வாதத்தில், தோன்யா தூலெஸ் இருந்திருந்தால் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்பதில் சந்தேகமே வேண்டாம். கமிஷன் எடுக்கும் பக்கம்.

சாண்டா ஃபேயில் என்ன நடந்தது?

1820-களில் ஒர்டிஸ் மலைப் பகுதியின் சுரங்க முகாமில் மேசை போட்டதற்காக அவருக்கு அபராதம் விழுந்திருக்கிறது. மெக்சிகோ அதிகாரிகள் சூதாட்டத்தை ஒரு சமயம் தடை செய்வார்கள், இன்னொரு சமயம் உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். 1830-களில் அவர் தலைநகர் சாண்டா ஃபேக்கு வந்து நிரந்தரமாக ஒரு கூடம் திறந்தார். சதுக்கத்துக்குப் பக்கத்தில் இன்றும் பர்ரோ சந்து என்று ஒரு குறுக்குத் தெரு இருக்கிறது. பர்ரோ என்றால் கழுதை. கூடம் அங்கேதான் இருந்தது என்பது ஊர் வழக்கு.

நேரம் சரியாக அமைந்தது. மிசௌரியிலிருந்து சாண்டா ஃபேக்கு 1821-ல் வணிகப் பாதை திறந்திருந்தது. சுமார் 1,400 கிலோமீட்டர். மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதையிலும் இரண்டு மாதம் போல வெயிலும் புழுதியும் தின்று வந்து சேரும் வியாபாரிகளுக்கு, சரக்கு விற்ற வெள்ளிக்காசு கையில் இருக்கும், செலவழிக்க இடம் இருக்காது. தூலெஸ் அந்த இடத்தைக் கொடுத்தார். விளக்கும் இசையும் நடனமும் சீட்டு மேசையும். ஊர்ப் பெரியவர்கள், பாதிரியார்கள், வண்டிக்காரர்கள் என்று எல்லோரும் வந்தார்கள். நியூ மெக்சிகோவில் அப்போது சீட்டாடுவதும் பெண்கள் சிறு சுருட்டு பிடிப்பதும் பெரிய குற்றமாக யாருக்கும் படவில்லை.

படித்து முடித்துவிட்டு வந்திறங்கிய அமெரிக்கர்களுக்குப் பட்டது.

மேட் ஃபீல்ட் என்ற பத்திரிகையாளர் 1839-ல் வந்து பார்த்துவிட்டு நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகையில் எழுதினார். ஜோசையா கிரெக் என்ற வியாபாரி 1844-ல் வெளியிட்ட பயண நூலில், ஒழுக்கம் கெட்டுத் திரிந்த பெண் ஒருத்தி பணம் சேர்ந்ததும் சீமாட்டி ஆகிவிட்டாள் என்ற தொனியில் அவரைச் சித்தரித்தார். அந்தப் புத்தகம் நன்றாக விற்றது. அடுத்து வந்தவர்கள் அதைப் படித்துவிட்டே வந்தார்கள். 1846-ல் கணவரோடு வந்த 19 வயது சூசன் மகாஃபின் தன் நாட்குறிப்பில் அவரைப் பொய்ப்பல், பொய்முடி வைத்த கிழவியாகப் பார்த்தார். கிழவிக்கு வயது அப்போது நாற்பத்தைந்து சொச்சம்! ஆளுநர் மனுவேல் அர்மிஹோவின் ஆசைநாயகி என்ற வதந்தியும் கூடவே ஓடியது. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு பெண் சம்பாதித்தால் பின்னால் ஒரு ஆண் இருக்க வேண்டும் என்ற கணக்கு எந்த ஊரிலும் ஒன்றுதான் போல.

உள்ளூர்ப் பேச்சை அவர் சும்மா விட்டதும் இல்லை. தன் மானம் சம்பந்தப்பட்ட விவகாரங்களில் நீதிபதி முன் போய் நின்றிருக்கிறார். மேசையில் வந்த பணத்தை மேசையிலேயே சுற்ற விடாமல், வீடுகளிலும் வணிக வண்டிகளின் சரக்கிலும் போட்டார்.

படை வந்த நாள்

1846 ஆகஸ்ட். ஜெனரல் ஸ்டீஃபன் கர்னி தலைமையில் அமெரிக்கப் படை சண்டையே இல்லாமல் சாண்டா ஃபேக்குள் நுழைந்தது. அர்மிஹோ தெற்கே ஓடிவிட்டார். தூலெஸ் எல்லைப்புறத்தைத் தேடிப் போகவில்லை. இருந்த இடத்தில் இருந்தார், எல்லைதான் அவர் தலைக்கு மேலே நகர்ந்து போனது.

அவர் புதிய ஆட்சியாளர்கள் பக்கம் நின்றார். சம்பளம் கொடுக்கவும் படையெடுப்புக்கும் பணமில்லாமல் திண்டாடிய அமெரிக்க அதிகாரிக்கு அவர் கடன் கொடுத்ததாகவும், அதற்கு நிபந்தனையாக, ஊர் பார்க்கத் தன் கையைப் பிடித்து நாடக அரங்குக்கு அழைத்துப்போகச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அந்த டிசம்பரில் அமெரிக்கர்களுக்கு எதிராக ஊரில் உருவான சதியைப் பற்றி முன்கூட்டியே தகவல் கொடுத்ததும் அவர்தான் என்பார்கள். சதி அப்போதைக்கு முறிந்தது. ஆனால் ஒரு மாதத்தில், 1847 ஜனவரியில், தாவோஸில் கலகம் வெடித்து அமெரிக்கர்கள் நியமித்த ஆளுநர் சார்லஸ் பென்ட் கொல்லப்பட்டார். கலகக்காரர்கள் பலர் தூக்கில் போடப்பட்டார்கள்.

இது துரோகமா, தொழில் புத்தியா? சொந்த மக்களை விட்டுக்கொடுத்தார் என்று பார்க்கலாம். அவருடைய வாடிக்கையாளர்களில் பலர் ஏற்கனவே அமெரிக்கர்கள், ஊரில் கலவரம் வந்தால் முதலில் எரிவது சீட்டு மேசைதான் என்றும் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்தே பார்ப்பதுதான் நியாயம். அவரைப் பெண் விடுதலையின் அடையாளமாக மட்டும் தூக்கிப் பிடிப்பவர்கள் இந்த இடத்தையும், அவர் மேசையில் சம்பளத்தை விட்டுவிட்டு எழுந்து போன சிப்பாய்களையும் வண்டிக்காரர்களையும் வசதியாகத் தாண்டிப் போகிறார்கள்.

மற்ற பெண்களுக்கு என்ன ஆயிற்று?

எலினார் டுமாண்ட், 1854-ல் கலிஃபோர்னியாவின் நெவாடா சிட்டி என்ற தங்கச் சுரங்க ஊரில் இருபத்தொன்று ஆட்டத்துக்குக் கூடம் திறந்தவர். நன்றாகச் சம்பாதித்தார். காதலித்த ஆள் அவருடைய சொத்தை விற்றுப் பணத்தோடு ஓடிவிட்டதாகச் சொல்வார்கள். 1879-ல் போடி என்ற ஊருக்கு வெளியே இறந்து கிடந்தார். மார்ஃபின். போக்கர் ஆலிஸ் என்கிற ஆலிஸ் ஐவர்ஸின் முதல் கணவர் சுரங்க வெடிவிபத்தில் இறந்தார், அதன் பிறகுதான் சீட்டு அவருக்குப் பிழைப்பானது. 1930-ல் இறந்தார். சேர்த்த பணம் பெரிதாக எதுவும் நிற்கவில்லை.

தூலெஸிடம் நின்றது.

உயில்

1850-ல் உயில் எழுதினார். 1852 ஜனவரி 17 அன்று இறந்தார். சொத்து மதிப்பு 10,000 டாலருக்கு மேல். அன்றைய சாண்டா ஃபேயில் வசதியான மெக்சிகோ ஆண்கள் பலர் வைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு. வீடுகளும் பணமும் உடன்பிறந்தவர்களுக்கும் வளர்ப்புப் பெண்களுக்கும் பிரிந்தன. கணவர் பெயர் அதற்கு வெகு முன்பே ஆவணங்களிலிருந்து மறைந்துவிட்டது.

புதிதாக வந்திருந்த ஆயர் லாமி காலத்தில், முழுக் கத்தோலிக்கச் சடங்குகளோடு ஊரின் பெரிய தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. இன்று அந்த இடத்தில் புனித பிரான்சிஸ் பேராலயம் நிற்கிறது. ஒரு சூதாட்டக்காரிக்கு இவ்வளவு ஆடம்பரமா, அதற்கு இவ்வளவு செலவா என்பது அமெரிக்கர்களிடையே ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

இன்றைக்குக் கூகுளில் தேடினால் வரும் படத்தில், கழுத்தில் சிலுவையும் வாயில் சுருட்டுமாக ஒரு பெண் இருப்பார். அது 1854-ல் ஹார்ப்பர்ஸ் இதழ் வெளியிட்ட ஓவியம். அப்போது அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. கிரெக் எழுதிய தூலெஸே அடுத்த 100 வருடங்களுக்கு நாவல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் வலம்வந்தார். நீதிமன்றப் பதிவு, உயில், சொத்துக் கணக்கு என்று ஸ்பானிய மொழியில் கிடந்த காகிதங்களை வரலாற்றாசிரியர் ஜேனட் லகாம்ட் போன்றவர்கள் பிற்பாடுதான் புரட்டினார்கள். டீனா கோன்சலஸ் 1999-ல் சாண்டா ஃபே பெண்களைப் பற்றி எழுதிய நூலில் தூலெஸுக்கு முக்கிய இடம் உண்டு. அதில் அவர் ஆளுநரின் ஆசைநாயகியாக வரவில்லை. சொத்து வரவு செலவோடு, தன் சொந்தப் பெயரில் வருகிறார்.