நகர மருத்துவர் பாட்ரிக் கெடிஸ்

செடி ஒன்று வாடினால் தோட்டக்காரன் செடியைக் குறை கூறுவதில்லை. மண் வளமாக உள்ளதா, நீர் தேங்குகின்றதா, கதிரவன் ஒளி படுகின்றதா என்று ஆராய்கின்றான். ஆனால், குழந்தை மெலிந்து நோயுறும்போது மாந்தர் பலரும் அதன் உடலை மட்டுமே நோக்குகின்றனர்; அது வாழும் தெருவை நோக்குவதில்லை. செடிக்கு மண் எவ்வாறோ, அவ்வாறே குழந்தைக்கு அது பிறந்து வளரும் தெரு. இவ்வுண்மையை உணர்ந்து, அதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட பேரறிஞர் பாட்ரிக் கெடிஸ் ஆவார்.

கெடிஸ் 1854-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். இளமையில் பெர்த் என்னும் ஊரில், குன்றின்மேல் அமைந்த சிறு வீடொன்றில் வளர்ந்தார். வீட்டைச் சுற்றித் தோட்டம் இருந்தது. தந்தையாருடன் அத்தோட்டத்தில் உழைத்தும், மலைச் சாரல்களில் திரிந்தும் அவர் பெற்ற கல்வி, ஏட்டுக் கல்வியினும் ஆழமாக அவர் உள்ளத்தில் பதிந்தது. பின்னர் இலண்டன் மாநகர் சென்று, ஹக்ஸ்லி என்னும் புகழ்பெற்ற உயிர்நூற் பேராசிரியரிடம் பயின்றார்.

1879-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியின்பொருட்டு மெக்ஸிகோ நாட்டுக்குச் சென்ற அவருக்குக் கண்ணோய் வந்துற்றது. இருட்டறையில் பல வாரங்கள் கிடக்க நேர்ந்தது. பார்வை மீண்டதாயினும், நெடுநேரம் நுண்பெருக்கிக் கண்ணாடியினூடே நோக்கும் ஆற்றல் அவர் கண்களுக்கு இல்லாமற் போயிற்று. ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு இதனினும் பெரிய இழப்பு யாது? ஆயினும் கெடிஸ் மனந்தளரவில்லை. நுண்ணுயிர்களை ஆராய்ந்த கண்களை, மனிதர் வாழும் ஊர்களின் பக்கம் திருப்பினார்.

அந்நாளில் எடின்பரோ நகரின் பழைய பகுதி காண்பவர் மனத்தை வருத்தும் நிலையில் இருந்தது. செல்வர்கள் புதிய பகுதிக்குக் குடிபெயர்ந்து விட்டனர். அவர்கள் விட்டுச் சென்ற உயர்ந்த மாடங்களில், ஏழை மக்கள் அறைக்கொரு குடும்பமாக நெருங்கி வாழ்ந்தனர். கட்டடங்களுக்கு இடையே இருண்ட சந்துகள். அவற்றில் தேங்கிய கழிவுகள். ஒளி புகா வீடுகளில் வளர்ந்த குழந்தைகளுக்கு எலும்பு வலுவிழந்து கால் வளைந்தது. காற்றோட்டமற்ற அறைகளில் காசநோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எளிதிற் பரவிற்று. ஓடியாட இடமின்றிச் சிறுவர்கள் படிக்கட்டுகளிலும் சாக்கடை ஓரங்களிலும் பொழுது போக்கினர்.

1886-ஆம் ஆண்டில் கெடிஸ் அன்னா என்னும் நங்கையை மணந்தார். மணமான சிறிது காலத்துள், இருவரும் வசதியான இல்லத்தைத் துறந்து, இப்பழைய பகுதியிலேயே ஜேம்ஸ் கோர்ட்டு என்னும் இடத்திற் குடியேறினர். பிறருக்கு அறிவுரை கூறுமுன், அவர்தம் இன்னலில் தாமும் பங்குகொள்ள வேண்டும் என்பது கெடிஸின் கொள்கை. கணவனும் மனைவியும் துடைப்பம் ஏந்திப் பெருக்கினர், சுவர்களுக்கு வெள்ளையடித்தனர், சாளரங்களிற் பூஞ்செடி வைத்தனர். முதலில் வியப்புடன் நோக்கிய அண்டை வீட்டார், நாளடைவில் தாமும் உடன் உழைக்க முன்வந்தனர்.

1888-ஆம் ஆண்டில் டண்டீ நகரக் கல்லூரியில் செடிநூற் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. ஆண்டில் கோடைப் பருவத்தில் மட்டுமே பாடம் நடத்த வேண்டியிருந்ததால், எஞ்சிய காலத்தை நகர்ப் பணிக்கு அளித்தார். அவர் தொடங்கிய நிலையத்தைச் சேர்ந்த குழுவினர், பழைய எடின்பரோவின் சந்து பொந்துகளையெல்லாம் அளந்தனர். பயனின்றிக் குப்பை மேடாய்க் கிடந்த வெற்றிடங்கள் 75 இருந்தன. அவை சிறியனவும் பெரியனவுமாக மொத்தம் 10 ஏக்கர் அளவின. அவற்றுட் சில, கெடிஸின் மகள் நோராவின் திட்டப்படி சிறு சிறு தோட்டங்களாக மாறின. வெயிலைக் காணாத குழந்தைகள் அங்கு வெயிலைக் கண்டனர். மண்ணைத் தொட்டு விதை விதைத்தனர்.

நோயுற்ற ஊரைச் சீர்ப்படுத்த விரும்பிய அக்காலத்து அதிகாரிகள், நேரான அகன்ற சாலைகளை வரைந்து, குறுக்கே நின்ற வீடுகளையெல்லாம் இடித்துத் தள்ளினர். வீடிழந்த ஏழைகள் மற்றொரு சேரியில் முன்னினும் நெருக்கமாகக் குடிபுகுந்தனர். எனவே நோய் இடம் மாறியதேயன்றி ஒழியவில்லை. கெடிஸ் கண்ட வழி வேறு. நல்ல மருத்துவன் உடலின் கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, நல்ல பகுதியைக் காப்பது போல, பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் மரமும் மேடையும் அமைந்த சிறு வெளியை உண்டாக்க வேண்டும் என்றார். இதனைக் காத்துச் செய்யும் அறுவை மருத்துவம் எனலாம்.

அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு, அவரை இந்தியாவுக்கு அழைத்தார். 1914-ஆம் ஆண்டில் கெடிஸ் புறப்பட்டார். அவர் பல்லாண்டுகளாகத் தொகுத்த நகர் வரைபடங்களும் ஓவியங்களும் கிளான் கிராண்ட் என்னும் கப்பலில் ஏற்றப்பட்டன. முதல் உலகப் போர் மூண்ட காலம் அது. செப்டம்பர் 22-ஆம் நாள் சென்னையின்மீது குண்டு பொழிந்த எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், அடுத்த திங்களில் கிளான் கிராண்டையும் கடலில் ஆழ்த்தியது. வாழ்நாளின் தொகுப்பு ஒரு நாளில் அழிந்தது. எனினும் அவர் சோர்ந்திலர். தாய்நாட்டு நண்பர்கள் விரைந்து வேறு படங்களைத் திரட்டி அனுப்பினர். 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில், பல்கலைக்கழகத்துச் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தேறியது.

பின்னர்த் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களின் தெருக்களில் கெடிஸ் கால்நடையாகச் சுற்றினார். தஞ்சைக் கோட்டைக்குள் நெருங்கிய குடியிருப்புகளை ஊடறுத்துச் செல்லவிருந்த புதிய சாலைகளுக்கு மாறாக, மிகச் சில வீடுகளையே நீக்கும் மாற்றுத் திட்டம் ஒன்றை வரைந்து காட்டினார். கோயில்களையும் தேரோடும் வீதிகளையும் கண்டு வியந்தார். கொசு பெருகும் என்று அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முனைந்தோரை அவர் மறுத்துரைத்தார். மீனும் வாத்தும் வளர்த்தால் அவை கொசுப் புழுக்களை உண்டுவிடும். குளமோ ஊருக்குக் குளிர்ச்சியும் அழகும் தரும் என்று விளக்கினார்.

1917-ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயர் ஆண்டாயிற்று. ஏப்ரல் திங்களில் மூத்த மகன் அலாஸ்டர் பிரான்சுப் போர்க்களத்தில் உயிர் நீத்தான். அவ்வமயம் அன்னா கடுங்காய்ச்சலுற்று நோய்ப்படுக்கையில் இருந்தார். மகன் இறந்த செய்தியைக் கெடிஸ் அவருக்குத் தெரிவிக்கவில்லை. தம் துயரை நெஞ்சில் அடக்கி, முகமலர்ச்சியுடன் பணிவிடை செய்தார். ஜூன் திங்களில் கல்கத்தாவில் அன்னாவும் மறைந்தார். இத்தகைய துயரிலும் கெடிஸ் தம் பணியைக் கைவிட்டாரல்லர்.

இந்தூர் நகரில் கொள்ளைநோய் மக்களை அச்சுறுத்தியது. அந்நோயை எலிகளின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சிகள் மனிதரிடம் பரப்புகின்றன. குப்பை பெருகிய தெருவில் எலியும் பெருகும். வீடுகளை இடிக்க வந்தவர் என்று கருதி மக்கள் முதலில் கெடிஸை வெறுத்தனர். அவரோ அரசரிடம் இசைவு பெற்று, தீபாவளியன்று ஒரு பெரிய ஊர்வலத்திற்கு ஏற்பாடு செய்தார். மிகத் தூய்மையாக விளங்கும் தெருக்கள் வழியே ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். உடனே வீடுதோறும் குப்பை அகன்றது. சுவர்கள் வெண்மை பெற்றன. ஊர்வலத்தில் நகர்த் துப்புரவுப் பணியாளர்கள் வெள்ளாடை உடுத்து, மாலை அணிந்து, சிறப்புடன் நடந்து வந்தனர். எலி வடிவில் செய்த நோய் அரக்கனை இறுதியில் எரியூட்டினர். வீட்டில் வைத்து வளர்க்கத் துளசிச் செடிகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. ஆணையால் ஆகாததை அன்பு செய்து முடித்தது. இந்தூரைக் குறித்து அவர் எழுதிய அறிக்கை 1918-ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக வெளிவந்தது.

1919 முதல் 1924 வரை கெடிஸ் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியற் பேராசிரியராக விளங்கினார். 1925-ஆம் ஆண்டில் டெல் அவீவ் நகருக்குத் திட்டம் வகுத்தபோது, வீடுகள் சூழ்ந்த நடுவிடங்களில் சிறு பூங்காக்களை அமைத்தார். தாயின் பார்வை எட்டும் தொலைவில் குழந்தை அச்சமின்றி விளையாட இத்தகைய அமைப்பு உதவும். 1932-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் பிரான்சு நாட்டு மோன்பெலியே நகரில் அவர் உலக வாழ்வை நீத்தார்.

கெடிஸ் எழுதிய திட்டங்களுட் பல நிறைவேறாமல் ஏட்டளவில் நின்றுவிட்டன. எனினும் அவர் ஊன்றிய கருத்து அழியவில்லை. நிழல் தரும் மரமும், அஞ்சாது நடக்கத்தக்க தெருவும், ஓடியாட வெளியும் இளைஞரின் உடலையும் உள்ளத்தையும் வளர்க்கும் என்பதை இன்று மருத்துவ அறிஞரும் ஏற்கின்றனர். வீட்டைத் தூய்மை செய்து குப்பையைத் தெருவில் கொட்டுவோர், தம் வீட்டுக் குழந்தையின் நலத்தையே கெடுத்துக் கொள்கின்றனர். ஓர் ஊரின் பெருமை அதன் மாட மாளிகைகளில் இல்லை; அவ்வூர்த் தெருவில் விளையாடும் சிறுவரின் முகத்தில் உள்ளது.