சவுக்கை வென்ற சங்கம்

நுழையும்முன்

பிறப்பைக் காரணம் காட்டி மனிதரை வதைக்கும் கொடுமை உலகில் பல பெயர்களில் நிலவியுள்ளது. அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் நிறமும் காவிரிப் படுகையின் நெல்வயல்களில் சாதியும் அதற்குக் காரணங்களாயின. இரண்டு இடங்களிலும் சவுக்கே சட்டமாக இருந்தது. தஞ்சை மண்ணில் அச்சவுக்கை எதிர்த்து நின்ற பி. சீனிவாசராவின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வழக்கமாகிய கொடுமை

சோழநாட்டின் பெருமை அதன் சோறு. அச்சோற்றை விளைவித்த பண்ணையாள்களோ அரைவயிற்றுக் கஞ்சிக்கு ஏங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வயலுக்குச் சற்றுத் தாமதமாக வந்தாலும் அவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது. சாணத்தை நீரில் கரைத்துச் சாணிப்பால் என்று புகட்டும் இழிவும் நேர்ந்தது. ஒரு பண்ணையில் வழங்கிய தண்டனை அடுத்த பண்ணையிலும் வழக்கமாயிற்று. தந்தை பட்ட கடன் மகன்மேல் ஏறியது; தந்தை பட்ட அடியும் அவ்வாறே தொடர்ந்தது. அடிப்பவரின் பிள்ளைகளும் அடிபடுபவரின் பிள்ளைகளும் அதனைக் கண்டே வளர்ந்தனர். ஆதலால் கொடுமை இயற்கைபோலத் தோன்றியது.

தஞ்சைக்கு வந்தவர்

சீனிவாசராவ் 1907இல் தென்கன்னடத்தில் பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரிப் படிப்பைத் துறந்து விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலின்போது காவலரின் தடியடியால் படுகாயமுற்றார். சிறைவாழ்க்கை அவரைப் பொதுவுடைமைக் கொள்கையின்பால் ஈர்த்தது.

1943இல் விவசாயிகளைத் திரட்டும் பணிக்காகத் தஞ்சைக்கு வந்தார். தாய்மொழி கன்னடமாயினும் உழைப்பாளர் பேசும் தமிழிலேயே அவர்களிடம் உரையாடினார். சேரிக் குடிசைகளில் உண்டு, அங்கேயே உறங்கினார். அடியை ஊழ்வினை என்று ஏற்க வேண்டியதில்லை, எதிர்த்து நிற்கலாம் என்று எடுத்துரைத்தார். மன்னார்குடியை அடுத்த தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் கொடி ஏறியது. சவுக்கு எவ்வழியே பரவியதோ அவ்வழியே, ஊர்விட்டு ஊராகச் சங்கமும் பரவியது. 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட உடன்பாடு சவுக்கடியையும் சாணிப்பாலையும் விலக்கியது.

தொடர்ந்த போராட்டம்

பொதுவுடைமைக் கட்சி தடைசெய்யப்பட்டபோது சீனிவாசராவ் தலைமறைவானார். ஊர் மக்கள் அவரைக் காத்தனர். சவுக்கடி நின்றபின், சாகுபடி நிலத்திலிருந்து உழவரை வெளியேற்றுவதே புதிய தண்டனையாயிற்று. இடைவிடாத போராட்டங்களின் பயனாக 1952இல் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. நில உச்சவரம்புக்காகவும் உழைத்த அவர், 1961 செப்டம்பர் 30ஆம் நாள் மறைந்தார்.

அணையாத நெருப்பு

அவர் மறைந்த ஏழாண்டுகளில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்டு நின்ற உழைப்பாளர் வாழ்ந்த கீழ்வெண்மணியில் தீ வைக்கப்பட்டது. குடிசையொன்றில் தஞ்சம் புகுந்திருந்த பெண்கள், குழந்தைகள், முதியோர் உள்ளிட்ட 44 பேர் கருகி மாண்டனர். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

சவுக்கை விலக்க ஓர் உடன்பாடு போதுமானதாயிருந்தது. அதனை ஏந்திய மனத்தை மாற்ற அது போதவில்லை. தண்டிக்கப்படாத கொடுமை வடிவம் மாற்றிக்கொண்டு மீண்டும் வருகிறது. ஆயினும் நிமிர்ந்த முதுகுகள் மீண்டும் வளையவில்லை. திருத்துறைப்பூண்டியிலுள்ள சீனிவாசராவின் நினைவிடத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் 30 அன்று கூடும் உழவர்களே அதற்குச் சான்று.