ஆண்டாள்

ஆண்டாள் வைணவ சமயத்தின் பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவர். அவர்களுள் இவர் ஒருவரே பெண் ஆவார். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பு, இராசபாளையம் ஆகிய ஊர்களுக்கு அண்மையில் உள்ள திருவில்லிபுத்தூரில் வாழ்ந்தவர். 30 பாடல்கள் கொண்ட திருப்பாவையும் 143 பாடல்கள் கொண்ட நாச்சியார் திருமொழியும் இவர் இயற்றியவை. இவரது வரலாற்றில் பாடல்கள் தரும் செய்திகளும் மரபுக் கதைகளும் கலந்துள்ளன.

மரபு வரலாறு

குருபரம்பரை நூல்களின்படி, ஆடிப் பூர நாளில் துளசித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பெரியாழ்வார் கோதை எனப் பெயரிட்டு வளர்த்தார். இறைவனுக்கெனத் தொடுத்த மாலையைக் கோதை தாம் சூடிப் பார்த்த பின்னர் அனுப்பி வந்தார். இதனை அறிந்து தந்தை வருந்தியபோது, சூடிய மாலையே தமக்கு உகந்தது என இறைவன் உணர்த்தினார். பின்னர் கோதை திருவரங்கம் சென்று அரங்கநாதருடன் இரண்டறக் கலந்தார்.

பாடல்கள் தரும் செய்திகள்

பதிகங்களின் இறுதிப் பாடல்களில் இவர் தம்மைப் புதுவை நகர் விட்டுசித்தனின் கோதை என்று குறிப்பிடுகிறார். விட்டுசித்தன் என்பது பெரியாழ்வாரின் இயற்பெயர். மாலையைச் சூடிக்கொடுத்த நிகழ்ச்சி இவர் பாடல்களில் கூறப்படவில்லை. உய்யக்கொண்டார் பாடிய தனியனில் அது இடம்பெறுகிறது. திருப்பாவையில் இவர் தம்மை ஆயர்பாடிச் சிறுமியாகக் கற்பனை செய்து கொள்கிறார். நாச்சியார் திருமொழியின் ஆறாம் பதிகத்தில் திருமாலுடன் நடக்கும் திருமணத்தைத் தாம் கண்ட கனவாகவே தோழியிடம் கூறுகிறார். மரபு வரலாற்றில் அக்கனவு நனவாகிறது.

திருமாலிருஞ்சோலை இறைவனுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக இவர் பாடியுள்ளார். அந்நேர்த்தியை இராமானுசர் நிறைவேற்றினார் என்றும், அதனால் ஆண்டாள் அவரை அண்ணன் என அழைத்தார் என்றும் வைணவர் கூறுவர்.

காலமும் கருத்து வேறுபாடும்

வைணவ மரபு இவரைக் கலியுகத்தின் முதல் நூற்றாண்டினராகக் கொள்ளும். ஆய்வாளர் பலர் கி.பி. 8 அல்லது 9ஆம் நூற்றாண்டினர் என்பர். திருப்பாவையில் வரும் வெள்ளி எழுந்து வியாழன் மறைந்த குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் கி.பி. 731ஆம் ஆண்டைக் கணித்தார்.

ஆண்டாள் பெரியாழ்வாரின் கவிதைப் படைப்பே என்ற கருத்தை 20ஆம் நூற்றாண்டில் இராஜாஜி முன்வைத்தார். வைணவ அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. ஒரே மகளைத் திருமால் கொண்டு சென்றதாகப் பெரியாழ்வார் பாடியிருப்பதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். எனினும் அப்பாடல் தாய் கூற்றாக அமைந்தது. மகளைப் பிரிந்த தாயின் கூற்று அகத்திணை மரபில் வழங்கி வருவதாகும். ஆகவே அதனைக் கொண்டு இருவகையிலும் முடிவு கூற இயலாது.

வழிபாடு

விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் கதையை ஆமுக்தமால்யதா எனத் தெலுங்கில் காவியமாக்கினார். திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டமும் பங்குனி உத்தரத் திருக்கல்யாணமும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. ஆண்டாள் சூடிய மாலை திருப்பதிப் பிரம்மோற்சவத்திற்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் அனுப்பப்படுகிறது.