மார்ட்டினஸ் பெய்யெரிங்க்

மார்ட்டினஸ் வில்லெம் பெய்யெரிங்க் (மார்ச் 16, 1851 – ஜனவரி 1, 1931) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த நுண்ணுயிரியலாளர் ஆவார். தீநுண்மவியலின் முன்னோடிகளுள் ஒருவராகவே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் தஞ்சாவூர் வட்டாரத்தில் நடவுக்கு முன் நெல் நாற்றின் வேரை நனைக்கும் அசோஸ்பைரில்லம், உளுந்து விதையோடு கலக்கும் ரைசோபியம் ஆகிய இரண்டின் வரலாற்றிலும் இவருக்கு முதன்மையான இடம் உண்டு.

வாழ்க்கை

ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தையின் புகையிலை வணிகம் நொடித்துப்போனது. டெல்ஃப்ட் நகரில் வேதிப்பொறியியல் பயின்றபின், 1877 இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாகனிங்கன் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1885 இல் டெல்ஃப்டில் ஒரு நொதி, சாராய ஆலையின் நுண்ணுயிரியலாளரானார். 1895 இல் அங்குள்ள பல்தொழில்நுட்பப் பள்ளியில் பேராசிரியரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர்களிடம் மிகக் கடுமையாக நடந்துகொண்டார். 1921 இல் ஓய்வு பெற்று கோர்செல் என்னும் சிற்றூரில் குடியேறி, அங்கேயே காலமானார்.

ஆய்வுகள்

1888 இல் அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாவை முதன்முதலில் தனித்துப் பிரித்தெடுத்தார். புகையிலைத் தேமல் நோய்க்குக் காரணம் பாக்டீரியா அன்று என்று 1898 இல் நிறுவி, அதற்கு வைரசு என்னும் சொல்லை ஆண்டார்.

இவருடைய செறிவூட்டல் வளர்ப்பு முறை இவற்றினும் பயன் மிக்கது எனலாம். எந்த ஊட்டத்தைக் கொடுப்பது, எதை மறுப்பது என்பதைக் கொண்டே வேண்டிய நுண்ணுயிரைப் பெருகச் செய்வது இம்முறை. நைட்ரசன் சேர்மங்கள் இல்லாத ஊடகத்தில் சிறிது மண்ணை இட்டால், காற்றிலுள்ள நைட்ரசனைக் கொண்டு வாழவல்லவையே தழைக்கும். இவ்வழியில் 1901 இல் அசோடோபாக்டரைக் கண்டறிந்தார். 1925 இல் இவர் ஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்று பெயரிட்ட உயிரியை ஏறத்தாழ அரை நூற்றாண்டு எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1970களில் பிரேசிலில் யோகன்னா டோபரைனர் அதைப் புல் வேர்களில் மீண்டும் கண்டார். 1978 இல் அது அசோஸ்பைரில்லம் எனப் பெயர் மாறியது.

காவிரிப் படுகையில் பயன்பாடு

அசோஸ்பைரில்லம் வேரில் இரண்டு கட்டங்களாக ஒட்டுகிறது. முதலில் கசையிழையால் தளர்வாகப் பற்றும். பின்னர் பல்சர்க்கரை இழைகளைச் சுரந்து உறுதியாகப் படியும். இவ்வாறு பிசுபிசுப்பான பொருளுக்குள் திரண்டு வாழும் கூட்டமே உயிரிப்படலம் எனப்படுகிறது. கரிமம் மிகுந்தும் நைட்ரசன் குறைந்தும் இருக்கும்போது செல்கள் ஒன்றோடொன்று திரளும் இயல்பு கூடுவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அம்மோனியம் மிகுந்தால் நைட்ரசனை நிலைநிறுத்தும் வேலையை இந்த பாக்டீரியா நிறுத்திவிடும். ஆகவே நாற்றின் வேரை நனைத்து நட்டபின் யூரியாவை அள்ளி இடும் உழவர், காசு கொடுத்து வாங்கிய பொட்டலத்தின் முதன்மைப் பயனைத் தாமே இழக்கிறார். வேர் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களையும் இது சுரப்பதால் முழுதும் வீண் என்று சொல்ல முடியாது.

உளுந்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே. சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கும் நெற்பயிருக்கு இடையில் ஈரத்தில் உளுந்தைத் தெளிப்பது படுகை வழக்கம். மண்ணில் நைட்ரேட்டு மிகுந்திருந்தால் ரைசோபியம் வேர்த்தூவிகளில் ஒட்டுவது குறையும், முடிச்சுகளும் குறையும்.

1939 இல் ஸ்டார்க்கி, டே ஆகியோர் இந்திய நெல்வயல் மண்ணிலிருந்து நைட்ரசனை நிலைநிறுத்தும் ஒரு பாக்டீரியாவை விவரித்தனர். கெட்டியான கோழையைச் சுரந்து வளரும் அவ்வுயிரி, 1950 முதல் இவர் பெயரால் பெய்யெரிங்கியா இண்டிகா என அழைக்கப்படுகிறது.