பட்டியலைக் காத்த அண்ணல்

சொத்துள்ளவருக்கே ஓட்டு என்றிருந்த காலம். 1919-இல் சவுத்பரோ குழு முன் ஒடுக்கப்பட்டோருக்கும் வாக்குரிமை கேட்டபோது அண்ணல் அம்பேத்கருக்கு வயது 27.

முப்பது ஆண்டுகளில் அவரே அரசியலமைப்பு வரைவுக் குழுத் தலைவரானார். சில மாகாணங்களில் வேற்று மொழியினர், இனத்தவர் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்காமல் விடுவதாகப் புகார் வந்தது. மாகாணத்துக்கு ஓர் ஆணையம் என்ற வரைவை அவர் மாற்றினார். பட்டியல் தயாரிப்பையும் தேர்தலையும் ஒரே தேர்தல் ஆணையத்தின் மேற்பார்வையில் வைக்கும் திருத்தத்தை 1949 ஜூன் 15-இல் முன்மொழிந்தார். அதுவே இன்றைய 324-ஆவது பிரிவு.

முதல் பொதுத்தேர்தலில் பம்பாயில் தோற்றார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். 1956-இல் மறைந்தார்.

அவர் வெல்லாத தேர்தல் முறைதான் நம் ஓட்டுக்குக் காவல். பட்டியலில் உங்கள் தெருவின் பெயர்கள் முழுதாக இருக்கின்றனவா? இன்றே பாருங்கள்.